கொய்யா மரத்துக்குச் சொன்ன பெயர்

சிவமயம்

கோண்டாவில்,
24-9-1934

அன்புள்ள தங்கச்சி ரபீகாவுக்கு,

இரத்தினம்மா அக்கா எழுதுவது. நீரும் ஜவாஹிர் தம்பியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூரானை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இவர் பென்சன் எடுத்து நாங்கள் கெலிஓயாவை விட்டு வந்து ஒரு வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் இருந்த நீர் நாங்கள் இருந்த வீட்டுக்கே குடிவந்தும் ஆயிற்று. ஆனால் நீர் போட்டது இரண்டே கடிதம். கடைக்காரர் பெண்சாதிக்குக் கடதாசிக்கும் பஞ்சமோ?

நிற்க. இவருக்கு வயிறு சரியில்லை. கண்டிக் கந்தோரில் கிளாக்கராய் இருந்த காலத்தில் வந்து வந்து போகுமே, அதே வயிற்றுக் கடுப்பு. பரியாரியார் தந்த குளிகை ஒன்றுக்கும் கேட்கவில்லை. உங்கள் வளவில் நிற்கிற கொய்யா இலைதான் வேண்டுமாம். இங்கேயும் வேலிக்கு வேலி கொய்யா நிற்கிறது, ஆனால் அது இவர் தன் கையால் வைத்த மரம் அல்லவா. பல்லுக்குக் குச்சி, வாய்ப்புண்ணுக்குக் கொழுந்து, புண் கழுவப் பட்டை என்று எல்லாவற்றுக்கும் அந்த மரத்தடிக்கே போகிறவர்.

நான் அந்த மரத்தில் மருந்து எடுக்கும் விதத்தை வேலிக்கு மேலால் பார்த்து நீர் சிரிப்பீரே, அதை இப்போது நீர்தான் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் மஞ்சள் பூசிய நூலை அடிமரத்தில் கட்டும். நோயாளியின் பெயரை மரத்துக்குச் சொல்லும். கிழக்குக் கிளையில் கொழுந்தை மட்டும், நகம் படாமல் பறியும். நூல் இருக்கும் வரைக்கும் மரம் அந்த ஒருவருக்குத்தான். வேறு யாருக்கும் எடுத்தால் வேலை செய்யாது. சுகம் வந்ததும் கட்டின கையே அவிழ்த்து, “சுகம் வந்தது, இனி வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். உமக்கு எங்கள் சாமி பெயர் வேண்டாம் என்றால் உங்கள் ஆண்டவன் பெயரைச் சொல்லும். மரம் ஒன்றும் கோபிக்காது.

கொழுந்தை வாழை இலையில் சுற்றி பிஸ்கட் தகரத்தில் போட்டு அனுப்பும். தகரத்தில் இவர் பெயரையே எழுதும், என் பெயர் வேண்டாம்.

உமது அன்பு அக்கா,
முத்துலிங்கம் இரத்தினம்மா


786

கெலிஓயா,
6-10-1934

அன்புக்குரிய இரத்தினம் அக்காவுக்கு,

ரபீகாவின் ஸலாம். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளாக்கர் ஐயாவுக்கா வருத்தம்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே, “ரபீகா, கறிக்கு உப்பு காணாது” என்று மணத்தை வைத்துப் பிழை பிடிக்கிற மனிதர் அல்லவா? அவர் எழும்பி நடமாட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

இவரிடம் சொன்னேன். “என்ன புள்ள, மரத்துக்கும் நூலா? எலய அவிச்சிக் குடிச்சாப் போதும். நூல் கீல் நமக்கு ஆகாது” என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, இவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் கட்டினேன். நீங்கள் கேட்டு நான் இல்லையென்று சொல்வேனா? எனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் கொய்யா இலை ஆவி பிடிக்க வைத்தது யார்?

பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, “முத்துலிங்கத்துக்கு” என்றேன். பெரியவருடைய பெயரை மொட்டையாகச் சொல்ல நாக்கு கூசியது. சொன்ன உடனே, காற்றே இல்லாமல் கிழக்குக் கிளை ஒன்று என் நெஞ்சு மட்டத்துக்குத் தாழ்ந்தது. எட்டிப் பறிக்கத் தேவையே இருக்கவில்லை. மேலே அணில் ஏதும் ஓடியிருக்கும்.

இங்கே மழை இல்லை. மகாவலி வற்றிக் குட்டை குட்டையாய்க் கிடக்கிறது, இரவானால் நுளம்புக் கடி தாங்க முடியவில்லை. தகரம் இன்றே போகிறது. அடுத்த வெள்ளியும் பறித்து அனுப்புவேன்.

இப்படிக்கு, தங்கச்சி
ரபீகா


சிவமயம்

கோண்டாவில்,
20-10-1934

அன்புள்ள தங்கச்சி,

தகரம் இரண்டும் வந்தது. கொழுந்து இப்போதுதான் பறித்தது போல இருந்தது, ஒரு இலைகூட வாடவில்லை. அவித்ததும் தண்ணீர் நல்ல செம்மையாய் இறங்கியது. இவர் சாய்ந்திருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். “இதுதான் என்ரை மரம்” என்றார். ரபீகா, அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உமக்கு எழுதத் தெரியவில்லை. உம்முடைய கைக்கு என்ன செய்து கடன் தீர்ப்பேன்?

ஒன்று கேட்க வேண்டும். நேற்று இவர், “ரபீகா ஏன் கிணத்தடிக் கல்லைத் திருப்பிப் போட்டவ? சவுக்காரத் தண்ணி மரத்து வேருக்கெல்லோ போகுது” என்று குறைப்பட்டார். நீர் கல்லைப் பற்றி எழுதினதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுதினீரோ?

இம்முறை தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதாக இல்லை. இவருக்கு எண்ணெய் ஆகாது. நான் மட்டும் தின்று என்ன?

வெள்ளி தவறாமல் அனுப்பும். பெயரை மறக்காமல் சொல்லும்.

அன்பு அக்கா,
முத்துலிங்கம் இரத்தினம்மா


786

கெலிஓயா,
10-11-1934

அன்புக்குரிய அக்காவுக்கு,

ஸலாம். ஐயா குடிக்கிறார் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் கல் விஷயம் என் மனத்தைப் போட்டுக் குடைகிறது. துவைக்கிற கல்லைத் திருப்பினது உண்மை. நூல் கட்டின கிழமைதான் இரண்டு வண்டிக்காரரைப் பிடித்துப் புரட்டினோம், தனி ஆளால் அசைக்க முடியாத கல் அது. நான் உங்களுக்கு எழுதவில்லை அக்கா. அதை யார் எழுதப் போகிறார்கள்? கல்லைத் திருப்பினது ஒரு செய்தியா?

இன்னொன்று. கொஞ்ச நாளாகக் காலையில் அந்தக் கல்லின் மேல் கொய்யாக் குச்சி ஒன்று கிடக்கிறது. நுனியைச் சவைத்துத் தும்பாக்கி, ஈரம் காயாமல். இவர்தான் என்று நினைத்து, “பல்லு வெளக்கினா குச்சிய வீசத் தெரியாதா?” என்று ஏசினேன். “நான் கரியாலதானே வெளக்குறேன். உனக்கென்ன புள்ள மறதியா?” என்று என்னையே கேட்டார். ஐயாதான் அப்படிச் சவைத்துவிட்டுக் கல்லிலேயே போட்டுப் போவார், நீங்கள் பின்னால் நின்று திட்டுவீர்கள். எனக்கு அது ஞாபகம் வந்ததும் குச்சியைத் தொடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்த் தெருவே ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் மரத்தடிக்குப் போகிறேன். போன வெள்ளி நான் பறிக்கவே இல்லை. கிழக்குப் பக்கம் கொழுந்து பறித்து அடுக்கி வைத்திருந்தது. காம்பில் ஈரம்கூடக் காயவில்லை. எடுத்துத் தகரத்தில் போட்டேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பயந்த தங்கச்சி,
ரபீகா


சிவமயம்

கோண்டாவில்,
19-11-1934

தங்கச்சி ரபீகாவுக்கு,

ஒன்றுக்கும் பயப்படாதேயும். மரம் நம்மைத் தெரிந்த மரம், நன்மைதான் செய்யும். குச்சியை எடுத்து எறிய வேண்டாம், அந்தக் கல்லிலேயே கிடக்க விடும். பெயரை மட்டும் விடாமல் சொல்லும். நீர் சொல்கிற வெள்ளிகளில்தான் இவர் நன்றாய்க் கதைக்கிறார்.

அக்கா


786

கெலிஓயா,
12-1-1935

அக்கா,

ஸலாம். இம்முறை எங்களுக்குப் பெருநாள் இல்லை. ஊரெல்லாம் காய்ச்சல். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாய் விரித்தே கிடக்கிறது. அரசாங்கம் தருகிற கொயினா மருந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் அழுகை வரும். மையித்துக் கொண்டுபோகத் தோள் கொடுக்க ஆள் போதவில்லை.

இவருக்கும் வந்துவிட்டது. காய்ச்சல் கொயினாவுக்கு இறங்கியது, அதற்குப் பிறகு வயிற்றுக் கடுப்பு பிடித்து இரத்தமாய்ப் போகிறது. டொக்டர் கலவை மருந்து தந்தார், நிற்கவில்லை. எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறார் அக்கா. கடைக் கதவு பூட்டியபடிதான்.

நம் வீட்டிலேயே மருந்து நிற்கிறது என்று நான் தைரியமாய்த்தான் இருந்தேன். இவர் பெயரைச் சொல்லிக் கொழுந்து பறித்தேன். கையில் இருக்கும்போதே கறுத்துச் சுருண்டது. அதையும் போட்டு அவித்தேன், தண்ணீர் கிணற்றில் அள்ளினது போலவே நின்றது, நிறமும் இல்லை, கைப்பும் இல்லை. கிளை மாற்றிப் பறித்தும் அதே கதை. பிறகு சோதித்துப் பார்ப்போமே என்று “முத்துலிங்கத்துக்கு” என்று சொல்லிப் பறித்து அவித்தேன். தேயிலைச் சாயம் போலச் சிவந்து வந்தது. அதைக் கோப்பையில் ஊற்றி இவர் வாய்க்குக் கொண்டுபோனேன். குடித்த உடனே எல்லாவற்றையும் கக்கிவிட்டு, “இது என்ட மருந்தில்ல” என்றார். நான் யாருக்குப் பறித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நூலுக்கு ஒருவர்தான் என்று நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்தது. ஐயா மூன்று மாதமாய்க் குடிக்கிறார், நன்றாய்க் கதைக்கிறார் என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியென்றால் சுகம்தானே? அவிழ்த்துவிடு என்று ஒரு வரி போடுங்கள். அன்றைக்கே அவிழ்த்து இவர் பெயருக்குக் கட்டிவிடுகிறேன். தந்தி அடித்தாலும் சரி.

ரபீகா


சிவமயம்

கோண்டாவில்,
17-1-1935

அன்புள்ள தங்கச்சி,

ஜவாஹிர் தம்பியின் செய்தி கேட்டு இரவெல்லாம் மனம் சரியில்லை. மாதுளங்காய்த் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கொடும். பிஞ்சுக் கொய்யாவை அரைத்துக் கொடுக்கலாம், ஆனால் நம்முடைய மரத்தில் எடுக்க வேண்டாம். கம்பளைப் பக்கம் போனால் எத்தனையோ மரம் நிற்கிறது. ஊரில் ஒரு மரம்தானா இருக்கிறது?

நூலை மட்டும் அவிழ்க்காதேயும். உம்முடைய காலைப் பிடித்துக் கேட்கிறேன். இவருக்கு இன்னும் மாறவில்லை. ஒரு வெள்ளி தகரம் பிந்தி வந்தது, அன்றைக்கு முழுவதும் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. அந்த ஒரு நாளே எனக்குப் போதும்.

பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. இந்த வருஷம் வைக்க முடியாது. உமக்கு எங்கள் முறை தெரியாது, விடும்.

இவர் வந்து பக்கத்தில் இருக்கிறார். கடிதத்தை முடி, மருந்தைத் தா என்கிறார்.

உம்மை நம்பியிருக்கும் அக்கா,
முத்துலிங்கம் இரத்தினம்மா


786

கெலிஓயா,
22-1-1935

இரத்தினம் அக்காவுக்கு,

தபால் கந்தோருக்குத் தியாகராஜா என்று ஒருவர் புதிதாய் மாற்றலாகி வந்திருக்கிறார். உங்கள் ஊர்தான். நேற்றுத் தகரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். எழுதியிருந்த பெயரை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “தங்கச்சி, இந்தப் பேருக்கோ அனுப்பிறியள்? முத்துலிங்கத்தார் ஆவணியிலையெல்லோ மோசம் போனவர். நான் செத்த வீட்டுக்கும் போனனான், முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கும் போனனான்” என்றார்.

தகரம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவர் குனிந்து எடுத்துத் தந்தார்.

அக்கா, நீங்கள் எனக்கு முதல் கடிதம் எழுதினது அதற்குப் பிறகு. உயிரோடு இருக்கிறவருடைய பெயரைத்தான் மரத்துக்குச் சொல்லலாம் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? மரக்கறிக்காரி தன் செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி இலை கேட்டு அழுதபோது, வேலியடியில் நின்று அவளைக் கட்டிப்பிடித்துத் திருப்பி அனுப்பினவர் நீங்கள்தானே? தெரிந்துகொண்டே என் கையால் இப்படிச் செய்வித்தீர்களே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. ஆத்திரத்தோடேயே உங்களை நினைத்து அழுகையும் வருகிறது. இதை என்ன செய்வேன்?

இவர் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். மத்தியானத்தில், “கிளாக்கர் வந்து வெயில்ல நிக்கிறாரே, உள்ளுக்குக் கூப்பிடு புள்ள” என்கிறார். எட்டிப் பார்த்தால் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. வாளிக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கட்டின கை என்னுடையது. இப்போதே போய் அவிழ்த்துவிடலாம், உங்களைக் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு தரம் மரத்தடிக்குப் போனேன். முடிச்சில் கை வைத்ததும், அங்கே கதிரைக்குப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கிற நீங்கள்தான் கண்ணுக்குள் வருகிறீர்கள். கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் வந்தால் இவருடைய முனகல் கேட்கிறது.

இவர் சாகப் போகிறார் அக்கா. உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்க வேண்டுமா? உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரபீகா


கோண்டாவில்,
26-1-1935

ரபீகா,

அவிழ்த்துவிடும்.

உம்முடைய கடிதத்தை நான் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை, மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் பின்னேரம் மருந்தை வைத்தபோது கையை நீட்டவில்லை. “நான் அங்கை போய் நிக்கேக்கை ஜவாஹிர் தம்பி ஜன்னலுக்குள்ளாலை பாக்கிறார். உள்ளை வரச்சொல்லிக் கூப்பிடுறார். அவரின்ரை மருந்தையெல்லோ நான் குடிக்கிறன். எனக்கு வெக்கமாக் கிடக்கு, இரத்தினம். அவிட்டு விடச் சொல்லு” என்றார். நான் காது கேட்காதது போல அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தேன், கோப்பை நிறைய அப்படியே இருந்தது.

நான் பொய் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. செத்த வீட்டுச் சனம் எல்லாம் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் இவருடைய பெயரைச் சொல்லி யாராவது ஒரு இலை பறித்தால் போதும் போலத் தோன்றியது. முதல் தகரம் வந்த அன்று இவர் வந்தார். வந்தவரைப் போ என்று சொல்ல என்னால் முடியுமா? உமக்கென்றால் முடியுமா?

சொல்ல வேண்டிய சொல் உமக்குத் தெரியும். “சுகம் வந்தது” என்று சொல்லும்போது கொஞ்சம் உரத்துச் சொல்லும். இவருக்கு இடது காது மந்தம். குறைந்த சத்தத்தில் சொன்னால் விளங்காமல் அங்கேயே நிற்பார்.

இரத்தினம்மா


786

கெலிஓயா,
2-3-1935

அன்புக்குரிய இரத்தினம் அக்காவுக்கு,

ரபீகாவின் ஸலாம். இதற்கிடையில் நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் நீங்கள் பதில் போடவில்லை. அவை வந்ததோ, வந்தும் பிரிக்காமல் வைத்தீர்களோ தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே, வெள்ளி பார்க்காமல், மரத்தடிக்குப் போனேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். நீங்கள் சொன்னபடியே உரத்து, “முத்துலிங்கம் ஐயா, சுகம் வந்தது, இனி வேண்டாம்” என்றேன். பக்கத்து வளவில் நெல் குற்றிக்கொண்டிருந்த பெண் உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அக்கா சொல்லச் சொன்னார்” என்றும் சேர்த்துச் சொன்னேன். கிளை ஒன்றும் அசையவில்லை. பிறகு இவர் பெயரைச் சொல்லிப் புது நூல் கட்டினேன். கொழுந்து கறுக்கவில்லை, தண்ணீர் சிவந்து இறங்கியது.

இரத்தம் நின்று, கஞ்சி இறங்கி, இப்போது இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நேற்றுத்தான் கறிக்கு உப்பு காணாது என்று குறை சொன்னார். நான் கோபிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். “நூலு கட்டித்தானே காப்பாத்தின?” என்று கேட்டார். நான் கஞ்சியை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

கல்லில் இப்போது குச்சி இல்லை. நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. நூலை அவிழ்த்த மறுநாள் காலை துணியோடு கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல் பழையபடி திரும்பிக் கிடந்தது, நீங்கள் இருந்த காலத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே. சவுக்காரத் தண்ணீர் இனி மரத்து வேருக்குப் போகாது. வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், யாரையும் கேட்கத் தேவையில்லை. நான் அதை இனி அசைக்க மாட்டேன். அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு துணியைத் துவைத்தேன்.

அக்கா, உங்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் போய்விட்டது. இவர் பிழைத்ததால் போனது என்று நினைப்பீர்கள். அதுவும்தான். உங்களுக்குத் துணையாய் இருந்த கடைசிச் சத்தத்தையும் என் கையால் நிறுத்திவிட்டேனே என்பது ஒவ்வொரு தொழுகையிலும் நெஞ்சில் வந்து நிற்கிறது. தியாகராஜா ஐயா சித்திரையில் லீவில் ஊருக்கு வருகிறாராம். திரும்பி வரும்போது உங்களையும் ரயிலில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முன் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன், தனிச் சட்டி பானையும் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் விரும்பியபடி சமைக்கலாம்.

இவருடைய நூலை நேற்று ஜும்ஆ நேரத்தில் அவிழ்த்தேன். மரத்தைச் சும்மா விட மனம் கேட்கவில்லை, உடனே மறுபடி ஒரு நூல் கட்டினேன். இத்தோடு வருகிற தகரத்தைத் திறந்து பாருங்கள். கொழுந்துக்கு மேல் இரண்டு பழமும் வைத்திருக்கிறேன். தகரத்தில் எழுதியிருப்பது உங்கள் பெயர். மரத்துக்கும் அந்தப் பெயரைத்தான் சொன்னேன்.

கிளை தாழ்ந்தது அக்கா. அவித்துக் குடியுங்கள்.

என்றும் உங்கள் தங்கச்சி,
ரபீகா